வெம்பக்குளம் விலக்கில் இரண்டு நிமிடம்

இரண்டு. ஏன் இரண்டு? ஒன்று என்றால் விட்டுவிடலாம். வண்டியைக் கூப்பிட்டுவிட்டு வராமல் போவதற்கு மனுஷனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், மாமியாருக்கு மயக்கம், மாடு அவிழ்த்துக்கொண்டது, எடுத்து வைத்த ஆதார் கார்டைக் காணவில்லை. நாலைந்து என்றாலும் புரியும், பொறுப்பில்லாத ஜென்மம் என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பத்து போன் எண்கள், ஒவ்வொன்றிலிருந்தும் சரியாக இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு தடவையும் யாரும் ஏறவில்லை, மூன்றாவது தடவை ஒருவரும் கூப்பிடவே இல்லை. மூன்று மாதமாக, செவ்வாயும் வெள்ளியும், ஒரே நிறுத்தம், வெம்பக்குளம் விலக்கு. இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போதுகூட ஒவ்வொரு குழியும் எனக்கு இரண்டு இரண்டாகத் தெரிகிறது. மங்களேஸ்வரி, மூக்கை நுழைக்காவிட்டால் உனக்குச் சோறு இறங்காதே என்று அம்மா சொல்வாள். இறங்கவில்லைதான். அதனால்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை அலுவலக ஜீப்பை விட்டுவிட்டு இந்த வண்டியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறேன், பதினெட்டு சீட்டு வண்டி, நான் வடிவமைத்த வண்டி. நான் என்றால் நாங்கள் ஆறு பேர், ஆனால் திட்டு வாங்கும்போது நான் மட்டும்தான். காகிதத்தில் இதற்கு நாங்கள் வைத்த பெயர் தேவைவழிச் சிற்றுந்து, ஜனங்கள் வைத்த பெயர் கூப்பிட்டா வர்ற வண்டி, அதுதான் நன்றாக இருக்கிறது. இதற்கு நேரம் கிடையாது, தடம் கிடையாது. கரிசல் காட்டுக்குள் சிதறிக் கிடக்கிற நாற்பத்தொரு நிறுத்தங்களில் எங்கேயிருந்து வேண்டுமானாலும் ஒரு மணி நேரம் முன்னால் போன் அடித்து, பலகையில் எழுதியிருக்கிற நிறுத்த எண்ணை அமுக்கினால் போதும், கம்ப்யூட்டர் அன்றைக்குக் கூப்பிட்டவர்களை மட்டும் பூத்தொடுப்பது மாதிரி தொடுத்துக் கோவில்பட்டி வரை ஒரு வழி போட்டுக் கொடுக்கும். கூப்பிடாத ஊருக்கு வண்டி போகாது. பதினோரு மணிக்குள் என் மேலதிகாரி வில்சன் சாருக்கு நான் ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும், சோதனை ஓட்டம் முடிகிறது, ஒன்றாம் தேதியிலிருந்து எந்த ஐந்து நிறுத்தங்களை எடுத்துவிடலாம் என்று. முதல் பெயர் வெம்பக்குளம் விலக்கு. இருபத்துநான்கு தடவை வண்டி போய் இருபத்துநான்கு தடவையும் அங்கே ஒருவரையும் ஏற்றாமல் திரும்பியிருக்கிறது. எடுத்துவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் அடுத்த பஸ்ஸுக்கு நாலரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அது தெரிந்துதான் தட்டச்சு செய்தேன். செய்தும் அனுப்பாமல் போனிலேயே வைத்திருப்பதற்கு இந்த இரண்டுதான் காரணம்.

ஏறியதுமே ஒரு சின்ன மூக்குடைப்பு. வாசலை ஒட்டி இடது பக்கம் ஒற்றைச் சீட்டு காலியாகக் கிடந்தது, காற்று வரும், ரோடு தெரியும், டிரைவர் என்ன செய்கிறார் என்பதும் தெரியும், வேவு பார்க்க வந்தவளுக்கு வேறென்ன வேண்டும். பையை வைத்தேன். "அது வேணாம்மா, இங்கன வாங்க" என்று அரக்குச் சேலை கட்டிய அம்மா ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "யாராவது வர்றாங்களா?" என்றேன். "வந்தாலும் வருவாக" என்றார், சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். வந்தாலும் வருவாக. இது என்ன பதில். எங்கள் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு பதிலுக்கு இடமே கிடையாது. டிரைவர் முன்னால் இருக்கிற திரையில் இரண்டே பொத்தான்கள், பச்சையில் 'ஏறினார்', சிவப்பில் 'வரவில்லை', அதில் ஒன்றை அமுக்கினால்தான் அடுத்த நிறுத்தத்தைக் காட்டும். ரெக்சின் சீட்டு தொடையில் ஒட்டுகிறது. கார்த்திகை பிறந்தும் இந்த வெயில். முந்தாநாள் பெய்த மழைக்குக் கரிசலிலிருந்து ஒரு வெக்கை கிளம்புகிறது, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், காற்றில் அது அசைகிற சத்தமும் வண்டிச் சத்தமும் கலந்து எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறது, தூங்கக் கூடாது. எதிர்ச் சீட்டில் ஒருவர் துண்டில் பொதிந்த மிக்சியை மடியில் வைத்திருக்கிறார், ரிப்பேருக்காம், ஜாரை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாராம். ஏறினதிலிருந்து இதை மூன்று தடவை சொல்லிவிட்டார். "ஜாரு இல்லாம எப்படிப் பாப்பான்?" என்று அரக்குச் சேலை கேட்கிறார். "பாப்பான், பாப்பான்." ஒரு மணி நேரம் முன்னால் போன் அடிக்க ஞாபகம் இருந்திருக்கிறது, ஜாரை எடுக்க ஞாபகம் இல்லை. பயணம் என்பது முடிவெடுத்த பிறகு நடக்கிற காரியம் என்று நான் ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். முதலில் முடிவு, அப்புறம் அழைப்பு, அப்புறம் வண்டி, அப்புறம் ஏறுவது. அம்புக்குறி போட்டுப் படம்கூடக் காட்டினேன். ஜாருக்கு அதில் அம்புக்குறி இல்லை. கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள், பிறகு சாப்பாடு போட்டார்கள்.

மூன்று தடவை என்கிற எங்கள் விதி எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தால் கூட்டம் நடந்த அந்த ஏசி அறைதான் ஞாபகம் வருகிறது, அன்றைக்கு எனக்கு விடாத தும்மல். கூப்பிட்டுவிட்டு ஏறாதவர்களை என்ன செய்வது என்று பேச்சு. அபராதம் போடு என்றார் ஒருவர். ஒரே தடவையில் வெட்டிவிடு என்றார் இன்னொருவர், அவர் வீட்டில் இரண்டு கார். நான்தான் மூன்று என்றேன். ஏன் மூன்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏலத்தில் ஒரு தரம் இரண்டு தரம் மூன்று தரம், தாலிக்கு மூன்று முடிச்சு, எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் மூணு எண்ணுவதற்குள் என்பார், மூன்று என்று சொன்னால் எவனுக்கும் நியாயமாகத்தான் படும். மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவையும் ஏறாவிட்டால் அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பைக் கம்ப்யூட்டர் ஆறு மாதத்துக்கு எடுக்காது. ஆறு எங்கேயிருந்து வந்தது? மூன்றை இரண்டால் பெருக்கியிருப்பேன். தும்மலோடு தும்மலாகச் சொன்னது, இன்றைக்கு நாற்பத்தொரு ஊருக்குச் சட்டம். ஆக, வெம்பக்குளத்தில் யாருக்கோ இந்தச் சட்டம் தெரிந்திருக்கிறது. தெரிந்து, விளிம்பு வரைக்கும் வந்து, இரண்டிலேயே நிற்கிறார்கள். முதல் எண் மட்டும் மூன்று தடவை கூப்பிட்டு முதல் பத்து நாளிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த இரண்டுகள் வருகின்றன, ஒரு எண் இரண்டை முடித்தால் அடுத்த எண், ஒருபோதும் கலக்காமல். போன வெள்ளிக்கிழமை அந்தப் பத்துக்கு அடுத்த பதினோராவது எண்ணுக்கு முதல் தடவை, இன்றைக்கு அதே எண்ணுக்கு இரண்டாவது. எண்களை ஏறுவரிசையில் வைத்துப் பார்த்தேன், பெயர்களை அகரவரிசையில் வைத்துப் பார்த்தேன், வீட்டுக் கதவு எண் வாரியாகப் பார்த்தேன், எதிலும் அடங்கவில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது, அதை யாரோ போட்டிருக்கிறார்கள், போட்டு அதை மீறாமல் நடக்கிறார்கள், அது என்ன வரிசை என்று எனக்கு மட்டும் தெரியவில்லை. முதுகில் கை எட்டாத இடத்தில் அரிப்பது மாதிரி மூன்று வாரமாக இதே அரிப்பு.

வில்சன் சாருக்கு அரிப்பெல்லாம் கிடையாது. ஆளில்லாமல் வண்டி ஓடினால் யாருக்கு லாபம்னு பாருங்க மங்களேஸ்வரி, என்றார். யாருக்கு லாபம், டிரைவருக்கு. சேர்மத்துரைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், வழுக்கையை மறைக்க ஒரு கைக்குட்டையைக் கட்டியிருக்கிறார், முன்பு டிப்பர் லாரி ஓட்டியவர், அந்தப் பழக்கத்தில் இந்த வண்டியையும் எருமையைத் தட்டுவது மாதிரி பக்கத்தில் தட்டிவிட்டுத்தான் ஏறுகிறார். வெம்பக்குளத்தில் இவர் யாருக்காவது உரமூட்டை இறக்குகிறாரோ, சொந்தக்காரர் வீட்டில் காப்பி குடிக்கிறாரோ. அங்கே நிற்கிற நேரம் வேறு உதைக்கிறது. ஆள் வராத நிறுத்தத்தில் இரண்டு நிமிடம்தான் நிற்கலாம், இவர் ஐந்து நிற்கிறார், ஆறு நிற்கிறார், ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது. கேட்டுவிடுவது என்று, "சேர்மத்துரை, அடுத்தது வெம்பக்குளம்தானே?" என்றேன். "ஆமா மேடம்." "ஆள் வருவாங்களா?" கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வருவாக மேடம். வரத்தான் செய்றாக." "அப்புறம் ஏன் எல்லாம் சிவப்பா இருக்கு?" "வந்தா போதுமா, ஏறணும்ல." "வந்தவங்க ஏறாம என்ன பண்ணுவாங்க?" மிக்சிக்காரர் இருமினார். அரக்குச் சேலை தன் மடியில் இல்லாத தூசியைத் தட்டினார். "பாக்கத்தான போறீக" என்றார் சேர்மத்துரை. சரிதான், வண்டியோடு சேர்ந்து அத்தனை பேரும் கூட்டு. கை காட்டியும் நிற்காமல் போன பஸ்களைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன், பாதி பொய், என் மார்க்குக்குக் கிடைத்த படிப்பு இது. மீதிப் பாதி உண்மைதான். போன வருஷம் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு நிறுத்தத்தை எடுத்தோம். எடுத்த பிறகு அந்த ஊரிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை, அதை நல்ல செய்தி என்று அறிக்கையில் எழுதினேன். நிறுத்தமே இல்லாத இடத்திலிருந்து புகார் எப்படி வரும், பலகையையும் போன் எண்ணையும் நாங்களே பிடுங்கிக்கொண்டு வந்த பிறகு எங்கே போய்ப் புகார் சொல்வார்கள் என்று இப்போது, இந்த ரெக்சின் சீட்டில், தோன்றுகிறது.

வண்டி இடது பக்கம் திரும்பி மண்பாதையில் இறங்குகிறது. இந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், சோளத்துக்குள்ளிருந்து டிராக்டர் வந்தால் தெரியாது, இவர் அடிக்கவில்லை. மிக்சிக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அணைத்து உள்ளே போட்டார். பின்சீட்டில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கோவிலுக்குள் நுழைகிற மாதிரி எல்லோர் முகமும் மாறிவிட்டது. அப்புறம் சேர்மத்துரை இன்ஜினையே அணைத்துவிட்டார். இறக்கத்தில் வண்டி சத்தமில்லாமல் தானாக உருள்கிறது, சக்கரத்தில் சரளைக்கல் நெரிகிற சத்தம் மட்டும், ஒரு காடை எங்கேயோ கத்துகிறது. டீசல் மிச்சம் பிடிக்கிறாரா? மிச்சம் பிடித்து என்ன செய்வார்? இல்லை, வண்டி வருவது யாருக்கோ தெரியக் கூடாது. ஒளிந்து வருகிறோம். எங்கள் வண்டி ஒளிந்து வருகிறது, இதற்கு அரசாங்கம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது, இரண்டில் எதற்கு வழிவிடுவது என்று தெரியாமல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பம்பு ரூம் தெரிகிறது. வேப்பமரம் தெரிகிறது. எங்கள் பலகை, நீலத்தில் வெள்ளை எழுத்து, நிறுத்த எண் இருபத்தேழு. பலகைக்குக் கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

ஆட்கள் நிற்கிறார்கள். வெறும் நிறுத்தம் என்று மூன்று மாதமாகத் திரை காட்டிய இடத்தில் ஏழெட்டுப் பேர். ஆனால் ஒருவரும் வண்டியைப் பார்க்கவில்லை, ஒருவர் சோளத்தைப் பார்க்கிறார், ஒருவர் பம்பு ரூம் கதவைப் பார்க்கிறார், பார்க்காமல் இருப்பதில் அத்தனை பேரும் அத்தனை கவனமாக இருந்தார்கள். நடுவில் ஐம்பது வயதுப் பெண், பயணத்துக்குக் கட்டிய சேலை, கையில் வயர்கூடை, கூடையில் தண்ணீர் பாட்டிலும் மடித்த துண்டும். அவர் பக்கத்தில் ஒரு வாலிபன், இருபத்திரண்டு இருக்கும், நல்ல உயரம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான். அரக்குச் சேலை என் பக்கம் குனிந்து, மூச்சுக் காற்றிலேயே சொன்னார், "கோப்பம்மா மகன். காளீஸ்வரன். பெறவியிலயே அப்படி. சின்னதுல பள்ளிக்கூட வேன்ல போயிட்டு வந்துக்கிட்டுதான் இருந்தான், பதினாறு வயசுல கதவுல கை நசுங்கிப் போச்சு. ஆறு வருசமா எந்த வண்டிப் பக்கமும் வரல, வீடே கெதி. டவுன்ல இவன மாதிரிப் பிள்ளைகளுக்குப் பகல்ல ஒரு கூடம் நடத்துறாக, வேலை பழக்குறாக. செவ்வாயும் வெள்ளியும்தான் டாக்டரம்மா வருவாக, புதுசா சேக்கிறது அன்னைக்குத்தான். எப்படியாவது கொண்டுபோயிரணும்னு அவ கெடந்து..." முடிக்கவில்லை. ஆட்டோ என்றேன். "சத்தம். இந்த வண்டிதான் படி தாழ்வு, அவனா ஏறணும், தூக்கி ஏத்துற வயசா." படி தாழ்வாக வேண்டும் என்று சண்டை போட்டது நான்தான், கர்ப்பிணிகளுக்கு என்று எழுதினேன். சேர்மத்துரை இறங்கிப் போய் வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு, தான் அங்கே இல்லாத மாதிரி திரும்பி நின்றார். காளீஸ்வரன் ஒரு எட்டு வைத்தான். நின்றான். காதிலிருந்து ஒரு கையை எடுத்தான். எனக்கு எஸ்கலேட்டர் ஞாபகம் வந்தது, யாரிடமும் சொல்லாத விஷயம், போக்குவரத்துத் திட்டம் போடுகிற எனக்கு எஸ்கலேட்டரில் ஏறப் பயம். சென்னையில் அதன் அடியில் நின்று படிகள் முளைத்து முளைத்து வருவதைப் பார்ப்பேன், இந்தப் படி, இல்லை அடுத்தது, இல்லை அதற்கடுத்தது, பின்னால் ஜனங்கள் உச்சுக் கொட்டுவார்கள், கடைசியில் போன் வந்த மாதிரி நடித்து விலகிப் படிக்கட்டில் ஏறுவேன். அங்கே ஒரு திரை இருந்திருந்தால் எனக்கும் 'வரவில்லை' என்றுதான் போட்டிருக்கும். நான் வந்திருந்தேனே. இன்னொரு எட்டு. "எய்யா, வாய்யா" என்று கோப்பம்மாள் மெதுவாகச் சொன்னார், கையைப் பிடிக்கவில்லை, ஒரு முழம் தள்ளியே வந்தார். காலி ஒற்றைச் சீட்டு அவனுக்காகக் காத்திருந்தது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கம்பியைத் தொட்டான். எடுத்தான். திரும்பத் தொட்டான். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தான். நான் அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், புதுச் செருப்பு, அப்போது என் மடியில் என் போன் அடித்தது.

அணைக்கவில்லை. எல்லோரும் அணைத்ததைப் பார்த்தேன், ஏன் அணைக்கிறார்கள் என்று துருவினேன், நான் அணைக்கவில்லை. நாதஸ்வரம், கெட்டிமேளம், என் தம்பி கல்யாணத்துக்கு வைத்த ரிங்டோன், சோளக்காடு முழுக்க. தடவித் தடவி அதை நிறுத்துவதற்குள் அவன் போய்விட்டான். கத்தவில்லை, காதைப் பொத்திக்கொண்டு, செருப்பில் ஒன்றைப் படியிலேயே விட்டுவிட்டு, பம்பு ரூமுக்குப் பின்னால் ஓடினான். திரையில் வில்சன் சார் பெயர். பட்டியலுக்காக இருக்கும், மணி பத்து இருபது. வண்டிக்குள் யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மிக்சிக்காரர் மட்டும் "அடடா" என்றார், தனக்கே தவறியது மாதிரி. நான் இறங்கினேன். செருப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் நீட்டினேன், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுகைதான் வந்தது, மேடம் அழக் கூடாது என்று விழுங்கினேன். கோப்பம்மாள் செருப்பை வாங்கித் தட்டிக் கூடைக்குள் வைத்தார். "பரவால்லம்மா. இன்னைக்குப் படிய மிதிச்சுட்டான்ல" என்றார். பக்கத்தில் நின்ற வயதான ஆள் பம்பு ரூம் பக்கம் போய், அவனிடம் போகாமல், ஒரு தூரத்தில் உட்கார்ந்துகொண்டார், அதுவும் பழக்கம் போல. கோப்பம்மாள் தொடர்ந்தார், "முதநாளு வீட்டு வாசலத் தாண்டல. நான் மட்டும் ஓடியாந்து நின்னு, இல்லன்னு சொல்லி அனுப்பிச்சேன். ஏழாவது தடவ பம்பு ரூமு வரைக்கும் வந்தான். புரட்டாசி கடைசில வேப்பமரம். போன செவ்வாக் கிழம கம்பியத் தொட்டான். இன்னைக்குப் படி." இருபத்துநான்கு சிவப்பையும் நான் ஒரே கட்டமாகப் பார்த்திருந்தேன், இந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் வைத்திருந்தார்.

"முதல் மூணு தடவ உங்க நம்பரா?" என்றேன். "ஆமா தாயி. மூணு முடிஞ்சதும் எடுக்க மாட்டேன்னுட்டுது. சேர்மத்தொரைதான் சொன்னாரு, மூணாவதுலதான் பூட்டுவாகன்னு. அப்புறம் ஊர்ல பேசி, வீட்டுக்கு ரெண்டு தடவன்னு எடுத்துக்கிட்டாக." அந்த அரிப்பு, இந்த நிலைமையிலும் அது விடவில்லை, வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன், "எந்த வீடு முதல்ல, எது அடுத்ததுன்னு எப்படிப் பிரிச்சீங்க?" இதைக்கூடக் கேட்பார்களா என்கிற மாதிரி பார்த்தார். "மண்டகப்படி வரிசைதான். பங்குனிப் பொங்கலுக்குப் பதினோரு நாளு, எங்க வீடு போகப் பதினோரு வீடு. என்னைக்கு யாரு மண்டகப்படியோ அவுகதான் அம்மனுக்கு அன்னைக்குப் பொறுப்பு. எங்க ஊர்ல தண்ணி மொறையும் அப்படித்தான்." ஆறு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேடிய வரிசை. அம்மனுக்கு வைத்த முறையில் இந்தப் பையனையும் வைத்திருக்கிறார்கள். "ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? ஏறாதவர்களுக்காகக் கூப்பிடுகிறார்கள் என்று நிறுத்தத்தை எடுத்திருப்போம். இப்போதும் அதைத்தானே செய்ய வந்தேன். ஓரமாக நின்ற இன்னொரு பெண், சீனியம்மாளாம், கடைசி வீடு, இன்றைக்கு அவர் முறை. "எங்க வீட்டோட ரெண்டும் முடிஞ்சுதுக்கா" என்று கோப்பம்மாளிடம் சொன்னார், தன் குற்றம் மாதிரி. "தெரியும்டி. யோசிப்போம்" என்றார் கோப்பம்மாள், பம்பு ரூமைப் பார்த்துக்கொண்டே.

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போய், சோளத்தைப் பார்த்து நின்றுகொண்டு, வில்சன் சாரைக் கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்திப் பேசினேன். "பட்டியல்ல நாலு நிறுத்தம்தான் சார். வெம்பக்குளம் இல்ல." "ஏன், ஆள் ஏறினாங்களா?" "இல்ல. வந்தாங்க." "வந்துட்டு ஏறலன்னா அதுவும் சிவப்புதான மங்களேஸ்வரி." "நம்மகிட்ட பொத்தான் ரெண்டுதான சார் இருக்கு." அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள், நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். பூட்டின எண்ணைத் திறப்பது, மூன்றை மாற்றுவது, எல்லாம் குழு கூடித்தான் முடியும் என்றார், குழு அடுத்த புதன்கிழமை. அதுவரை நிறுத்தம் இருக்கட்டும், ஆனால் அன்றைக்கு அவர்கள் இருபத்தைந்து சிவப்பைத்தான் பார்ப்பார்கள், ஒரு பச்சையாவது காட்டினால் பேசலாம் என்றார். அவனை வைத்துப் பச்சை காட்டுவதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, அவனுக்கும் அந்தக் கூடம் வேண்டும்தானே. போனை அணைத்தேன், முழுக்க அணைத்தேன். வண்டிக்குத் திரும்பினால் சேர்மத்துரை திரையைக் காட்டி, "நீங்களே போடுங்க மேடம், எதப் போட" என்றார். பச்சை போட்டால் பொய். சிவப்பும் பொய்தான், ஆனால் அது விதிப்படி பொய். ஒரு கால் ஏறியதற்கு எதைப் போடுவது? கையை நீட்டியவள் மடக்கிக்கொண்டேன். "போடாட்டி அடுத்த நிறுத்தம் காட்டாதே" என்றேன். "அது காட்டாட்டி என்ன, சிந்தலக்கட்டையில ரெண்டு பேரு நிப்பாகன்னு எனக்குத் தெரியாதா" என்றார். வண்டிக்குள் யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை, ஒற்றைச் சீட்டில் யாரும் மாறி உட்காரவுமில்லை.

கிளம்ப வேண்டும். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி இறங்கி அந்த அம்மாவிடம் போனேன். "வெள்ளிக்கிழமைக்கு நான் கூப்பிடுறேன்மா" என்றேன். "என் நம்பர்லேர்ந்து. காலையில எட்டரைக்கெல்லாம் போட்டுடுறேன், வண்டி வந்துடும். நான் வரல, என் போனும் வராது." கோப்பம்மாள் என்னை முதன்முதலாக நன்றாகப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவர் முகம் கணக்குப் போடுவது மாதிரி இருந்தது, வெள்ளி, அதற்கடுத்த செவ்வாய், அதற்கு மறுநாள் எனக்குக் குழு, அது அவருக்குத் தெரியாது. பம்பு ரூமுக்குப் பின்னாலிருந்து அந்த வயதான ஆளின் தோளை ஒரு கையால் பிடித்தபடி காளீஸ்வரன் எட்டிப் பார்த்தான், வண்டியைத்தான் பார்த்தான். கோப்பம்மாள் குரலை இறக்கி, வேறு யார் காதிலும் விழாமல் கேட்டார்.

"உங்களுக்கும் ரெண்டு தடவதானம்மா?"

"ஆமாம்மா," என்றேன். "எனக்கும் ரெண்டுதான்."